எந்த ஊர் மைதானத்துக்கு வருகிறது?

மார்ச் மாதத்தில் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுபவர் அவசரக்காரராக இருக்கக் கூடாது. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி, தும்முல்லை, நகர மண்டபம் என்று வந்து மருதானையைத் தொட்டு, ஆமர் வீதி வழியாகக் கொட்டாஞ்சேனைக்கும் மட்டக்குளிக்கும் போகிற பஸ் அது. கொழும்புத் தமிழரின் இரண்டு பெரிய குடியிருப்புகளை ஒரே டிக்கட்டில் இணைக்கிறது. பாடசாலைக் கிரிக்கெட்டின் பிக் மெட்ச் காலம் வந்துவிட்டால் அதன் பாதையை லொறிகள் பிடித்துக்கொள்ளும். லொறி நிறையப் பையன்கள், பாடசாலைக் கொடிகள், ட்ரம்பட்டும் மேளமும் கலந்த பாபரே. பஸ் நகராது. கொண்டக்டர் இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார்.

அப்படி மருதானைக்குச் சற்று முன்னால் பஸ் மாட்டிக்கொண்ட ஒரு வியாழக்கிழமை காலையில் இறங்கி நடந்தேன். அன்று எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ரோயல் கல்லூரியும் சென். தோமஸ் கல்லூரியும் ஆடும் ரோயல்–தோமியன் தொடங்கும் நாள். இரவு ரயிலில் யாழ்ப்பாணம் போக இடம் பதிவு செய்திருந்தேன்; அங்கே அதே வாரத்தில் வடக்கின் பெருஞ்சமர். பெரிய நகரத்துப் பள்ளிக்கூடப் போட்டிக்குக் கூட்டம் அதிகமா, சின்ன நகரத்துப் போட்டிக்கா என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடுவது என் எண்ணம்.

கேள்விக்கு மருதானையே நல்ல தொடக்கம். கொழும்பு 10 என்ற ஒரே தபால் வட்டாரத்துக்குள் நான்கு பெரிய ஆண்கள் பாடசாலைகள். கேர்ணல் ஒல்கொட்டின் பௌத்த பிரம்மஞான சங்கம் 1886இல் புறக்கோட்டையில் தொடங்கிப் பின்னர் மருதானைக்குக் கொண்டுவந்த ஆனந்தா. அதன் கிளையாகப் பிறந்து 1925இல் தனியே நின்ற நாலந்தா. சித்திலெப்பையும், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் முன்னின்று 1892இல் தொடக்கி வைத்த ஸாஹிரா. கத்தோலிக்கத் திருச்சபை 1896இல் டார்லி வீதியில் நிறுவிய சென். ஜோசப்.

ஆனந்தாவும் நாலந்தாவும் மோதும்போது இரு தரப்புக் கொடியிலும் கருஞ்சிவப்பு. ஒன்றில் அதோடு தங்கம், மற்றதில் வெள்ளி. சென். ஜோசப்பின் எதிரியான சென். பீற்றர்ஸ், 1922இல் ஜோசப்பின் தெற்குக் கிளையாகப் பம்பலப்பிட்டியில் தொடங்கியது. பங்காளிச் சண்டைக்குக் கூடுகிற கூட்டம் வேறெதற்கும் கூடாது என்பது ஊரறிந்த சங்கதி. ஒரே தெருவில் வளர்ந்த அண்ணன் ஆனந்தாவிலும் அடுத்த வீட்டுப் பையன் நாலந்தாவிலும் படித்தால், ஆட்டம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் வாய்ச் சண்டை தொடரும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்தேன். ஓட்டுநர் நடுவயது முஸ்லிம். எஸ்.எஸ்.சி.க்கு என்றதும் சிரித்தார்.

"மெட்ச்சுக்கா? ரோட்டெல்லாம் புளொக், சேர்."

"நீங்க பாக்கப் போறதில்லையா?"

"நான் பொறந்ததே இங்கதான். ஒரு நாளும் போனதில்ல. அது அவங்கட மெட்ச்."

அந்தக் கடைசிச் சொற்றொடர் மைதானம் வரை என்னோடு வந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் வசிப்போர் ஐந்தரை லட்சத்துக்கு மேல். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீதம். ஆனால் பாடசாலைகள் சமயத்தாலும் மொழியாலும் பழைய மாணவர் பிள்ளை என்ற சலுகையாலும் பிரிந்து நிற்கின்றன. ஆகவே எந்த ஒரு போட்டிக்கும் ஐந்தரை லட்சமும் ஒரே சந்தை ஆவதில்லை. நகரம் பெரிதாக இருப்பதால் போட்டிகளின் எண்ணிக்கைதான் பெருகியிருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் அதற்கென்று ஒரு சின்ன ஊர்.

எஸ்.எஸ்.சி.யில் அந்தச் சின்ன ஊரைப் பார்த்தேன். கூடாரங்கள் வயதுக்கு ஒன்றாக, வகுப்புக்கு ஒன்றாக. வெள்ளைத் தலைமுடியில் நீலத் தொப்பி. பாடசாலைக் காலத்துப் பட்டப்பெயரால் ஒருவரையொருவர் கூப்பிடும் வங்கி மேலாளர்களும் வைத்தியர்களும். பந்தைப் பார்த்தவர் சிலர். முதுகைக் காட்டியபடி கதை பேசியவர் பலர். ரோயல் போன்ற பாடசாலையில் ஏழெட்டாயிரம் மாணவர் படிக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்நூறு பேர் படிப்பை முடித்து வெளியேறுவதாக வைத்துக்கொண்டாலும் நாற்பது ஆண்டில் இருபதாயிரம். அதில் நாலில் ஒருவர் வந்தாலே மைதானம் நெரியும். நகரத்தில் வேறு யாரும் வராவிட்டாலும் குறை தெரியாது.

தொடக்கத்தில் இப்படி இல்லை. இந்தப் போட்டி 1879இல் ஆரம்பித்தது. முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் ஆடினார்கள். ரோயலுக்கு அப்போது கொழும்பு அக்கடமி என்று பெயர். சென். தோமஸ் கல்லூரி முகத்துவாரத்தில், கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது; 1918இல்தான் கல்கிசைக்குப் போனது. அன்றைய கொழும்பின் சனத்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது, அதாவது இன்றைய கண்டி நகரத்தின் அளவு. நகரம் ஐந்து மடங்காகப் பெருத்தது. போட்டியோ பெருத்த நகரத்திலிருந்து விலகித் தன் பழைய மாணவர்களைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டது.

இரவு கோட்டையில் ரயில் ஏறினேன். மருதானை மேடைகளும் தெமட்டகொடை ரயில் கொட்டகைகளும் பின்னால் போன பிறகு பெட்டிக்குள் ஒரு கூட்டம் தானாகவே சேர்ந்தது. வெள்ளவத்தையில் ஏறி வந்த இருவர், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு குடும்பம், விடுமுறையில் கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர். எல்லோருக்கும் போகிற இடம் ஒன்றே. 1990இல் நின்றுபோன இந்தப் பாதையில் யாழ்ப்பாணம் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது 2014 ஒக்டோபரில். அதற்கு முன்பு இந்தப் பயணம் எவ்வளவு பாடு என்பதைச் சொல்லிச் சொல்லியே அவர்கள் அனுராதபுரம் வரை நித்திரை கொள்ளவில்லை.

வடக்கின் பெருஞ்சமரில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904இலிருந்து மோதி வருகின்றன. ஆட்டம் மத்திய கல்லூரி மைதானத்தில், கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் பக்கத்தில். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் ஆட்டமே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் நாள் காலை. வெயில் ஏறுமுன்பே மதிலோரத்தில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கச்சான் விற்பவர், ஐஸ்பழ வண்டி, மரத்தடியில் பிள்ளைகளோடு அம்மாமார். விக்கெட் விழுந்தால் பையன்கள் மைதானத்துக்குள் ஓடுகிறார்கள், பொலிஸார் கலைக்கிறார்கள், அடுத்த விக்கெட்டுக்கு மறுபடி ஓடுகிறார்கள்.

மரத்தடியில் இருந்த ஒரு முதியவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"நான் ரெண்டு பள்ளிக்கூடத்திலையும் படிக்கேல்லைத் தம்பி. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம்தான். ஆனா மூண்டு நாளும் வருவன்."

"ஏன்?"

"ஊரே இஞ்ச நிக்குது. வீட்டில இருந்து என்ன செய்ய?"

மருதானை ஓட்டுநருக்கும் இவருக்கும் வயது வேறு. ஆனால் இருவரும் ஆடுகிற பாடசாலைகளின் வாசலை மிதிக்காதவர்கள். ஒருவர் ஐந்தரை லட்சம் பேர் உள்ள நகரத்தில் 'அவங்கட மெட்ச்' என்கிறார். மற்றவர் ஒரு லட்சத்துக்கும் குறைவான சனம் உள்ள மாநகர எல்லைக்குள் மூன்று நாளையும் செலவழிக்கிறார். யாழ்ப்பாணத்தில் அந்த மூன்று நாளில் அதற்குப் போட்டியாக வேறு களியாட்டம் பெரிதாக இல்லை. கொழும்பிலோ அதே மாலையில் கடற்கரை, சினிமா, கடைத் தொகுதிகள், இன்னொரு மைதானத்தில் இன்னொரு பிக் மெட்ச்.

இன்னொன்றும் உண்டு. 1981இல் கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ் மாவட்டத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் சனம். 2012இல், கிளிநொச்சி தனி மாவட்டமான பிறகு, யாழ் மாவட்டத்தில் ஆறு லட்சம்கூட இல்லை. போரும் இடப்பெயர்வும் வெளிநாடும் கொண்டுபோன சனம் எவ்வளவு என்பதை அந்த இடைவெளி ஓரளவு காட்டும். ஆனால் மைதானத்தில் அந்தக் குறை தெரியவில்லை. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. விடுமுறையை மார்ச்சுக்கு ஒதுக்கி விமானம் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தபோது இல்லாதவர்கள், ஆட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

அதே இரு பாடசாலைகள் இரு நகரங்களில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டில் ஒரு சோதனைச்சாலை இருக்கிறது: கொழும்பு ரோயலும் கண்டி ட்ரினிட்டியும் ஆடும் பிராட்பி கேடய ரக்பி. ரோயல் அதிபராக இருந்த பிராட்பி 1945இல் கொடுத்த கேடயம் அது. ஒரு சுற்று கொழும்பில், ஒரு சுற்று கண்டியில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி. கண்டிச் சுற்றுக்கு நான் ஒரு முறை போனபோது மருதானையிலேயே ரயிலில் ரோயலின் நீலமும் பொன்னும் நிரம்பிவிட்டன. கண்டியில் தங்க அறை கிடைப்பது பாடு. தேநீர்க் கடைக்காரர்வரை எல்லோருக்கும் அன்றைய ஆட்ட நேரம் தெரிந்திருந்தது. கொழும்புச் சுற்றில் அரங்கு நிறைந்தாலும் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிற்பவருக்கு அப்படியொன்று நடப்பதே தெரியாது. வேலை தேடிக் கொழும்புக்கு வந்த ட்ரினிட்டி பழைய மாணவர்களோ அங்கேயும் சிவப்புச் சட்டையோடு ஆஜர்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் சனத்தொகை 2020இல் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் அளவு. எதிரியான ஓஹாயோ ஸ்டேட் அணி வரும் நாளில் ஊர் முழுவதையும் மைதானத்துக்குள் அடைத்தாற்போல் இருக்கும். அங்கேயும் கூட்டம் வருவது ஊருக்குள்ளிருந்து மட்டுமல்ல. படித்துவிட்டுப் போன எல்லா ஊர்களிலிருந்தும்தான்.

சனத்தொகை மட்டும் போதும் என்றால், மருதானையின் உதைபந்தாட்டம் நிரம்பி வழிய வேண்டும். ஸாஹிரா அதில் பெயர் பெற்ற பாடசாலை. பக்கத்து வட்டாரத்து ஹமீத் அல் ஹுசைனியும் அப்படியே. சுற்றிலும் நெருக்கமான குடியிருப்புகள். ஆனால் நான் பார்த்த ஒரு பாடசாலை ஆட்டத்தில் பாதிப் படிகள் வெறுமை. வேலை நாள் பிற்பகல், பழைய மாணவர் கூடாரம் இல்லை, நூறாண்டுப் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் நாவாந்துறையிலும் கழக ஆட்டம் என்றால் கடற்றொழிலாளர் குடும்பங்கள் எல்லைக் கோடுவரை நெருங்கி நிற்பதைப் பார்த்தவனுக்கு இந்த வெறுமை உறைக்கும். அங்கே ஒரு வட்டாரமே தன் அணி என்று நினைக்கிறது. இங்கே ஒரு வட்டாரத்துக்கு நடுவில் ஆட்டம் நடக்கிறது, அவ்வளவுதான்.

சனத்தொகை ஒரு போட்டிக்கு இடத்தையும் பணத்தையும் தரும். கூட்டத்தைத் தருவது, அந்த ஆட்டம் தன்னுடையது என்று நினைப்பவர் தொகை. சின்ன நகரத்தில் அது முழு ஊர். பெரிய நகரத்தில் பழைய மாணவர் பட்டியல். அந்தப் பட்டியலைத் தாண்டுவது கொழும்பில் முடியாத காரியமும் அல்ல. பழைய மாணவர் சங்கங்கள் ஒரு பக்கத்துப் படிகளையாவது மலிவு டிக்கட்டில் அக்கம்பக்கத்தாருக்கு ஒதுக்கலாம்; உதைபந்தாட்ட இறுதியாட்டங்களைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றலாம். அதுவரை மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவிலுள்ள பாடசாலை அடுத்த தடவை ஆடும்போது, அங்கே படிக்காதவராக இருந்தாலும், போய் உட்காருங்கள்.