பேக்கப்பைத் திறந்து பார்த்தீர்களா?

புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீடு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதால், தன் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடிவு செய்திருந்தார். நான் போனபோது, சர்வீஸ் செய்ய வந்த இளைஞர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிக்கொண்டிருந்தார். சிபியுவின் முன்பக்க யுஎஸ்பி துளைகள் கடற்காற்றில் துருவேறி, பிடிமானம் இல்லாமல் ஆடின. பின்பக்கம் நீல நிறத்தில் இருந்த துளைக்கு மாற்றினார். வேகமும் அதில்தான் அதிகம்.

“அப்டேட்டு எங்கியும் ஓடிடாதுங்கய்யா. மொதல்ல பேக்கப் எடுத்துடலாம்” என்றார்.

அவர் சொன்னது சரி. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் அடி. பழைய ஃபோல்டர் இனித் தேவையில்லை என்று அப்டேட் அதைத் துடைத்துவிட்டது. ஆசிரியரின் டாக்குமெண்ட்ஸும் டி டிரைவில்தான் இருந்தது. சி டிரைவில் பழைய ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் அங்கேயே கிடந்தது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் அதேபோல் துழாவி எடுத்தார்கள்.

மகளின் கல்யாண வீடியோ மட்டும் காப்பியாக மறுத்தது. டிஸ்க்கில் இடமிருந்தும் கோப்பு மிகப் பெரியது என்றே செய்தி வந்தது. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. டிஸ்க்கில் வேறெதுவும் இல்லாததால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி, முதலிலிருந்து தொடங்கினார்.

காப்பி முடிந்ததும், அதே டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் செருகி ஒரு கட்டுரையைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆசிரியர் முகம் வெளுத்துவிட்டது. “தம்பி, இது இருபது வருஷ எழுத்துப்பா!”

கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய இத்தகைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். இருக்கும் விண்டோஸின் மேலேயே அப்டேட் செய்தால் எழுத்துருக்கள் பொதுவாகத் தங்கிவிடும். ஃபார்மேட் அடித்துப் புதிதாகப் போட்டால் அவையும் போய்விடும். தமிழில் எழுதுகிறவர்கள் பேக்கப் எடுக்கும்போது ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியது இதனால்தான். எழுத்துருவை லேப்டாப்பில் ஏற்றியதும் கட்டுரை தமிழில் வந்தது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றித் தருவதாக இளைஞர் ஒப்புக்கொண்டார். எனக்கு அன்றைய வேலையிலேயே அதுதான் பெரிதாகப் பட்டது.

இரண்டாவதாக இன்னொரு நகலும் எடுத்தார்கள். அது இலாசுப்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தரைத்தளத்தில், கணினியும் நகலும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஒன்டிரைவில் ஏற்கெனவே இருக்கிறதே என்று ஆசிரியர் கேட்டார். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். கணினியில் அழிக்கிற கோப்பு அங்கேயும் அழியும். அதைப் பேக்கப்பாக நம்ப முடியாது.

நீங்களும் அப்டேட் போடுவதற்கு முன், உங்கள் நகலில் நான்கைந்து கோப்புகளையாவது வேறொரு கணினியில் திறந்து படித்துப் பாருங்கள். அவற்றில் ஒன்று பழைய தமிழ்க் கோப்பாக இருக்கட்டும்.