தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் வர்றவங்க எங்கே தங்கலாம்?



தை மாசம் நெருங்கினாலே என் போனுக்கு ஒரே கேள்விதான். ஜொகூர்ல இருந்து, பேராக்ல இருந்து, சிங்கப்பூர்ல இருந்து, இப்போ தமிழ்நாட்டுல இருந்தும். "அண்ணே, குடும்பத்தோட பத்துமலைக்கு வர்றோம், எந்தப் பக்கம் ரூம் எடுக்கலாம்?" 2023 டிசம்பர்ல இருந்து இந்தியாக்காரங்க 30 நாளைக்கு விசா இல்லாமலே வரலாம்னு ஆனதுக்கு அப்புறம் கேள்வி இன்னும் கூடிப்போச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுத முடியல. அதனால மொத்தமா இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

கேட்கிறவங்க எல்லாரும் ரெண்டு விஷயத்தைத்தான் பார்க்கிறாங்க. பத்துமலைக்கு எவ்வளவு கிட்ட, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வெள்ளி. நான் திருப்பிக் கேட்கிறது வேற. "சாமி பார்த்து முடிச்சு, விடியற்காலை மூணு மணிக்கு நீங்க எப்படித் திரும்பி வருவீங்க?" இதுக்குப் பதில் இல்லாம ரூமுக்குப் பணம் கட்டாதீங்க.

ஏன் சொல்றேன்னா, பந்தல்ல நிற்கிற எங்களுக்குத்தான் இது கண்ணுக்குத் தெரியுது. போறப்போ எல்லாருக்கும் தெம்பு இருக்கும். உருமி மேளம், அரோகரா சத்தம், கூட்டமே நம்மைத் தூக்கிட்டுப் போயிடும். திரும்பறப்போதான் கஷ்டம். 272 படி ஏறி இறங்கின கால், நாள்கணக்கா விரதம் இருந்த உடம்பு, தூங்கி வழியற பிள்ளைங்க, கையில காலிப் பால்குடம்.

ஒரு வருஷம் பேராக்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. பேரன் காவடி எடுத்தாரு. பாட்டிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். புக்கிட் பிந்தாங் பக்கம் நல்ல ஹோட்டலாப் பார்த்து எடுத்திருந்தாங்க. ரூம் அருமை, காலைச் சாப்பாடும் உண்டுன்னு சொன்னாங்க. காவடி இறக்கி முடிச்சப்போ ராத்திரி ரெண்டரை. கிராப் கார் அழைச்சா ஒண்ணும் கிடைக்கல. சுத்தி ரோடெல்லாம் அடைச்சிருக்கு, எந்தக் கார் உள்ளே வரும்? நெடுஞ்சாலை ஓரம் வரைக்கும் நடந்து போனா கிடைக்கும்னு யாரோ சொல்லி, நடந்தாங்க. அங்கேயும் கிடைக்காம திரும்பி நடந்து வந்தாங்க. பாட்டி எங்க தண்ணீர்ப் பந்தல்ல வந்து உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவே இல்ல. சுடுதண்ணி குடுத்து, கால் தைலம் தேய்ச்சுவிட்டு, நாலு மணிக்கு மேல ரயில் ஏத்திவிட்டோம். போறப்போ அந்தம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு: "தம்பி, முருகனைப் பார்த்தேன்பா. ஆனா இப்போ கண்ணை மூடினா காலு வலிதான் தெரியுது."

அந்த ஹோட்டல் மேல ஒரு குறையும் இல்ல. வேற நாள்ல வந்து தங்கியிருந்தா எல்லாருக்கும் சிபாரிசு பண்ணியிருப்பாங்க. தைப்பூச ராத்திரிக்கு அந்த இடம் சரிப்படல, அவ்வளவுதான்.

அப்போ எங்கே தங்கறது? கேடிஎம் கொமுட்டர் ரயில் பாதையை ஒட்டித் தங்குங்க. 2010-ல ரயில் பத்துமலை வரைக்கும் வந்தது நமக்கெல்லாம் பெரிய வரம். ஸ்டேசனை விட்டு வெளியே வந்தா பச்சை ஆஞ்சநேயர் நிற்பார், அங்கிருந்து கோயில் வாசலுக்கு நடைதான். தைப்பூச நேரத்துல கூடுதல் ரயில் விட்டு ராத்திரியும் ஓட்டுறாங்க. எல்ஆர்டி, எம்ஆர்டி எல்லாம் வழக்கமா நடுராத்திரியோட நின்னுடும். தைப்பூசத்துக்கு நேரத்தை நீட்டுவாங்களா இல்லையான்னு அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கணும். ரயில் ஓடுதுன்னா உடனே ஏறிடலாம்னும் நினைக்காதீங்க. திரும்பறப்போ வரிசை நீளமா இருக்கும், நிக்கணும். ஆனா நின்னா கண்டிப்பா வண்டி வரும். கிராப்புக்கு நின்னா வரும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது.

என் முதல் பதில் எப்பவும் பிரிக்பீல்ட்ஸ்தான். கேஎல் சென்ட்ரல் ஸ்டேசனுக்குப் பத்து நிமிஷ நடை. அங்கிருந்து பத்துமலைக்கு ஒரே ரயில், மாற வேண்டாம், அரை மணி நேரம். பினாங்கு, ஈப்போ பக்கம் இருந்து இடிஎஸ் ரயில்ல வர்றவங்க இறங்கறதும் அதே கேஎல் சென்ட்ரல். ஜொகூர்ல இருந்து பஸ்ல வர்றவங்க டிபிஎஸ்ல இறங்குவீங்க. அங்கே ஒட்டினாப்ல இருக்கிற பண்டார் தாசேக் செலாத்தான் கொமுட்டர் ஸ்டேசனும் இதே பத்துமலைப் பாதைதான். நிறைய பேருக்கு இது தெரியாம மூட்டை முடிச்சோட டாக்சிக்குப் பணத்தைக் கொட்டுறாங்க.

பிரிக்பீல்ட்ஸ்ல இன்னொரு சௌகரியம், விரதக்காரங்களுக்குச் சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டாம். பூக்கடை, பூஜைச் சாமான் கடை எல்லாம் காலடியில. ஒரு எலுமிச்சம்பழம் மறந்துட்டாக்கூட பரவாயில்ல. ஜாலான் ஸ்காட் பக்கம் ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இருக்கு, யாழ்ப்பாணத்து முன்னோர்கள் கட்டினது. உங்க வீட்டுப் பெரியவங்களால பத்துமலைக் கூட்டத்துல வர முடியலன்னா, அவங்களை அந்த முருகன்கிட்ட உட்கார வச்சுட்டு நீங்க போயிட்டு வரலாம். இதை நான் நிறைய பேருக்குச் சொல்லியிருக்கேன். முதல்ல முகம் சுளிப்பாங்க, "பத்துமலைக்குன்னு வந்துட்டு..."ன்னு. அப்புறம் அந்தப் பாட்டி தாத்தாதான் ரொம்ப நிம்மதியா சாமி கும்பிட்டிருப்பாங்க.

ஒரு சின்ன விஷயம். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில மஞ்சள் கலர்ல கோடு போட்ட கல் பதிச்சிருக்கும். அது அழகுக்கு இல்ல. பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கு, அவங்க காலால தடவி நடக்கிற வழி அது. நம்ம ஆளுங்க அது மேலேயே பெட்டியை வச்சுட்டு போட்டோ எடுக்கிறதைப் பார்த்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

வெள்ளி ரதம் புறப்படறதையும் பார்க்கணும்னா மகா மாரியம்மன் கோயிலைச் சுத்தித் தங்கலாம். ஜாலான் துன் எச்.எஸ். லீயில இருக்கு, தம்புசாமிப் பிள்ளை குடும்பம் 1873-ல அமைச்ச கோயில். பூசத்துக்கு முன்னாடியே ராத்திரியில ரதம் அங்கிருந்து கிளம்பி, ஜாலான் ஈப்போ வழியா ஊர்ந்து ஊர்ந்து பத்துமலை போய்ச் சேரும். அந்தப் பக்கம், பெட்டாலிங் ஸ்திரீட் ஓரத்துல சின்ன ஹோட்டல்கள் நிறைய. பாசார் செனியில இருந்து பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு நடைபாலம் போகுது. 1910-ல கட்டின அந்த அரண்மனை மாதிரி கட்டடம்தான். கேஎல் சென்ட்ரல் வந்ததும் எல்லாரும் அதை மறந்துட்டாங்க, ஆனா பத்துமலைக் கொமுட்டர் இன்னமும் அங்கே நிற்குது. கேஎல் சென்ட்ரல்ல தள்ளுமுள்ளு அதிகம்னா இங்கே வந்து இறங்குங்க. குறை என்னன்னா, ரதம் புறப்படற ராத்திரி அந்தப் பக்கம் தூக்கம் கிடையாது. தூங்கறதுக்கா வந்தோம்னு கேட்கிறவங்களுக்கு அதுதான் இடம்.

பத்துமலைக்குப் பக்கத்துலேயே தங்கினா என்ன? சில பேருக்கு அது சரி. விடியறதுக்கு முன்னாடி ஆத்தங்கரையில இருக்கணும்னு நேரம் வச்சிருக்கிற காவடிக்காரங்க, அவங்க குழுவுல ரெண்டு பேர். நடந்தே போய் நடந்தே வரலாம். ஆனா விடிய விடிய மேளம் கேட்கும், கார் வச்சிருந்தா எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. கைக்குழந்தையோட வேண்டாம்.

கிள்ளான்ல சொந்தக்காரங்க இருக்காங்கன்னா அங்கே தங்குங்க, ஹோட்டலுக்குப் பணம் மிச்சம். ஆனா பத்துமலைக்கு நேர் ரயில் இல்ல. போர்ட் கிள்ளான் பாதையில ஏறி கேஎல் சென்ட்ரல்ல மாறணும். கேஎல் சென்ட்ரல் வரைக்குமே ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகும். கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பாதையில ராத்திரி கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு பார்த்துக்குங்க. நான் கிள்ளான்காரன், என் ஊரை விட்டுக்குடுக்க மாட்டேன். ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெரு, ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில் எல்லாம் பார்க்க வேண்டியதுதான். அதுக்குப் பூசம் முடிஞ்ச மறுநாள் வாங்க.

ரூம் எடுக்கறப்போ விசாரிக்க வேண்டியது சிலது இருக்கு. குளியலறை ரூமுக்குள்ளேயே இருக்கான்னு கேளுங்க. மலிவு விடுதி சிலதுல ஒரு மாடிக்கே ரெண்டு குளியலறை. விடியற்காலை ரெண்டு மணிக்குப் பொண்ணுங்க ஈரத்துணியோட வரிசையில நிற்க முடியுமா? அப்புறம் மஞ்சள். பால்குடம் எடுக்கிறவங்க மஞ்சள் துணியோட வந்து ஹோட்டல் துண்டுல, படுக்கையில கறையாக்கிட்டா துணிக்குக் காசு கேட்பாங்க. சொந்தத் துண்டு, விரிப்பு கொண்டு வாங்க. விரதத்துல தரையில படுக்கிறவங்க பாயும் கொண்டு வந்திடுங்க. ரூமுக்குள்ள கற்பூரம், சாம்பிராணி கொளுத்தாதீங்க. புகை மணி அடிச்சு மாடி முழுக்க எழுந்து வெளியே ஓடினா நமக்குத்தான் அசிங்கம். வேண்டுதலைக் கோயில்ல வச்சுக்குங்க.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்க ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தனியாக் கட்டணும், 2017-ல இருந்து இருக்கு. கவுண்டர்ல ஏமாத்துறாங்கன்னு சண்டை போடாதீங்க. மலேசியர்களுக்கு அது இல்ல, ஐசி காட்டினாப் போதும்.

ஏழெட்டுப் பேர் வர்றவங்க கொண்டோமினியத்துல ஹோம்ஸ்டே தேடுறாங்க. சமையலறை இருக்கு, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம், நல்லதுதான். ஆனா அந்தக் கட்டட நிர்வாகம் அனுமதிக்குதான்னு முதல்ல கேளுங்க. குறுகிய கால வாடகையை நிர்வாகம் தடுக்கலாம்னு 2020-லேயே கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. வீட்டுக்காரர் சரின்னு சொல்லி, காவலர் வாசல்ல மறிச்சா பெட்டியோட நடுரோட்டுல நிக்கிறது நீங்கதான்.

போன மாசம் எங்க தொண்டூழியர் அக்கா ஒருத்தங்க வேற மாதிரி கேட்டாங்க. அமெரிக்காவுல மகளைப் பார்க்கப் போறாங்க, பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகணும், 1970-கள்ல நம்ம ஆளுங்க அங்கே கட்டின பெருமாள் கோயில். "ஊர் நடுவுல ரூம் எடுத்தா எல்லாம் கிட்ட இருக்கும் இல்லையா தம்பி?"ன்னாங்க. நான் அதே கேள்வியைத்தான் கேட்டேன், எப்படித் திரும்பி வருவீங்க? அங்கே கோயில் ஊர் நடுவுல இல்ல, பென் ஹில்ஸ்னு கிழக்குப் புறநகர்ல மேட்டுல இருக்கு. அந்த ஊர் ரயில் அந்தப் பக்கம் போகாது. அதனால அங்கே தலைகீழ். மன்ரோவில் பக்கம் கோயிலுக்குக் கிட்டவே ரூம் எடுங்க, மகள் கார்லயே போயிட்டு வந்திடலாம்னு சொன்னேன். நம்ம ஊர்ல ரயிலைப் பார்த்து ரூம் எடுக்கணும், அங்கே காரைப் பார்த்து.

எங்க சின்ன வயசுல இந்தக் கவலையே இல்ல. தோட்டத்துல இருந்து லோரியில ஏறி வந்து, பத்துமலை அடிவாரத்துல பாய் விரிச்சுப் படுத்து, விடிஞ்சா அதே லோரியில வீடு. லோரிக்காரர் ஆள் எண்ணிப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார். இப்போ தோட்டமும் இல்ல, அந்த லோரியும் இல்ல. பிள்ளைங்க ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க, போன்ல ரூம் எடுத்து அனுப்பிடறாங்க. பெரியவங்க தனியா வர்றாங்க. அதனாலதான் இவ்வளவு விலாவாரியா எழுதுறேன். அம்மா அப்பாவுக்கு ரூம் எடுத்துக் குடுக்கிற பிள்ளைங்க இதைப் படிச்சா சந்தோஷம்.

பெரியவங்க சட்டைப் பையில ஹோட்டல் பேரும் இறங்க வேண்டிய ஸ்டேசன் பேரும் உங்க போன் நம்பரும் தாள்ல எழுதி வச்சு அனுப்புங்க. போன்ல பேட்டரி தீர்ந்தாலும் தாள் இருக்கும். டச் என் கோ கார்டுல திரும்பறதுக்கும் சேர்த்துக் காசு போட்டு வையுங்க. அந்த நேரத்துல காசு ஏத்தற இடத்துல வரிசையைப் பார்த்தா மயக்கமே வந்துடும். கொமுட்டர்ல நடுவுல பெண்களுக்குன்னு தனிப் பெட்டி இருக்கு, ராத்திரி தனியா வர்ற அம்மாக்கள் பிளாட்பார்ம்ல அங்கே போய் நில்லுங்க.

ரூமை இப்பவே எடுத்திடுங்க, பொங்கல் முடிஞ்சு தேடினா விலை ஏறியிருக்கும், பிரிக்பீல்ட்ஸ்ல இடமும் இருக்காது. வழி தெரியாம நின்னா எந்தத் தண்ணீர்ப் பந்தல்லயும் கேளுங்க, ரயில் ஸ்டேசன் வரைக்கும் கூட்டிட்டுப் போக யாராவது ஒரு பையன் இருப்பான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.