ஆள் நுழையும் ஜன்னல்

ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியர் நமக்கு விட்டுப்போனது. அதற்கு முன்பும் தமிழனுக்கு ஜன்னல் இருந்தது, பெயரும் இருந்தது. காலதர் என்றார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணி என்றார்கள், பல கண்களை உடையது. காற்று உள்ளே வரலாம், பார்வை வெளியே போகலாம். ஆள் வெளியே போவதைப் பற்றி இந்தச் சொற்களில் பேச்சே இல்லை. வேண்டியும் இருக்கவில்லை. பழைய வீட்டில் தெருவாசல் இருந்தது, கொல்லை வாசல் இருந்தது, நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. ஒரு பக்கம் நெருப்பு மறித்துக்கொண்டால் மறு பக்கம் ஓடலாம். இப்போது நாம் கட்டும் வீடுகளுக்கு ஒரே வாசல். மற்றதெல்லாம் கம்பி.

திருத்தணியில் என் அக்காள் வீடு கட்டியபோது இது பெரிய விவகாரமாகிவிட்டது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்த ஊர் அது. ஆனாலும் கடைத்தெருவில் இன்றைக்கும் பாதிப் பேச்சு தெலுங்குதான். மலைமேல் முருகன், 365 படிகள். மலையைச் சுற்றிய நிலத்தில் சமதரை என்று தேடினால்தான் உண்டு. அக்காள் வாங்கிய மனையும் சரிவு. சரிவை வீணாக்குவானேன் என்று மாமா வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறையைத் தோண்டிவிட்டார். மூன்று பக்கமும் கூரையளவு மண். சரிவு இறங்கும் நாலாவது பக்கத்தில் மட்டும் இடுப்பளவு.

நிலவறை சாமான் வைப்பதற்கு என்றால் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. நம் நாட்டு விதிகளும் அதற்குத்தான் இடம் கொடுக்கின்றன. ஆனால் மாமாவின் எண்ணம் வேறு. சித்திரை வெயிலுக்கு அங்கே குளுகுளுவென்றிருக்கும், அம்மாவையும் எட்டு வயதுப் பேரனையும் கீழே படுக்க வைக்கலாம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் உறவினரும் தங்கலாம் என்பது அவர் திட்டம். மேஸ்திரி கூரை ஓரமாக ஒன்றரை அடியில் இரண்டு துவாரம் விட்டு, குறுக்கே கம்பியும் குறித்து வைத்திருந்தார். கீழே இறங்கும் படிக்கட்டு சமையலறைக்குப் பக்கத்தில். படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர் பாட்டரி.

"மாமா, அந்தப் படிக்கட்டில் புகை நிறைந்துவிட்டால் அத்தை எப்படி வெளியே வருவார்கள்?" என்று கேட்டேன்.

"இன்னும் கிருகப்பிரவேசம்கூட ஆகவில்லை. நல்ல வார்த்தையாகப் பேசேன்!" என்றார் மாமா.

நல்ல வார்த்தை பேசுவது எளிது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையலறைத் தீ கூரைக்குத் தாவிற்று. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அத்தனை பிஞ்சுகளுக்கும் குறுகலான ஒரு படிக்கட்டைத்தான் அந்தக் கட்டடம் வைத்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டாவது வழி எங்கே என்று என் கண் தானாகத் தேடுகிறது.

நிலத்தடியில் மனிதர் படுப்பது வழக்கமாக உள்ள நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதியில் கணக்குத் தெளிவாக இருக்கிறது. தப்பும் ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி அகலத்தில் 20 அங்குலத்துக்கும், உயரத்தில் 24 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. மொத்தப் பரப்பு 5.7 சதுர அடியாவது வேண்டும். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே வருவதற்கு மட்டுமல்ல. முதுகில் காற்றுக் குடுவை சுமந்த தீயணைப்பு வீரர் உள்ளே நுழையவும் அந்த அளவு.

மாமா முதல் இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டார். "20-க்கு 24. முடிந்தது." குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் அந்த அளவுக்கு ஓட்டை வெட்டி, அவரையே நுழையச் சொன்னேன். தலை போயிற்று, ஒரு தோள் போயிற்று, வயிறு போகவில்லை. அக்காள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டார். 20-க்கு 24 என்பது மூன்றேகால் சதுர அடிக்குச் சற்று மேல்தான். அகலம் 20 ஆனால் உயரம் 41 அங்குலம் ஆக வேண்டும். உயரம் 24 ஆனால் அகலம் 34-ஐத் தாண்ட வேண்டும்.

அடுத்து, மாமா வாங்கி வைத்திருந்த மூன்றடிச் சதுர அலுமினிய ஜன்னல். பார்வைக்கு 9 சதுர அடி. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று நகரும் கதவு; எப்படித் தள்ளினாலும் பாதி மூடியே கிடக்கும். மிச்சம் 18 அங்குல அகலம். கீல் வைத்து முழுக்கத் திறக்கும் கதவுதான் இதற்கு உதவும்.

மேஸ்திரி வேறொரு யோசனை சொன்னார். தெருப் பக்கம் ஒரு குழி வெட்டி, அதற்குள் ஜன்னலை வைத்துவிடலாமாம். அதற்கும் அந்த விதியில் அளவு உண்டு: குழி மூன்றடிக்கு மூன்றடி, 44 அங்குலத்துக்கு மேல் ஆழமானால் ஏணி. ஆனால் குழிக்குள் முதலில் நுழைவது மனிதனல்ல, மழை. 2024 ஜூலை 27-இல் டில்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறைக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சாமான் வைப்பதற்கென்று அனுமதி பெற்ற அறையில் நூலகம் நடந்துகொண்டிருந்தது. நெருப்புக்காகத் திறக்கும் வழி நீருக்கு வாசலாகிவிடக் கூடாது. ஆகவே சரிவு இறங்கும் பக்கம்தான் சரி என்று தீர்ந்தது. அங்கே மண் இடுப்பளவுதான். தண்ணீரும் வீட்டை விட்டு விலகி ஓடும்.

கடைசியில் கம்பி. "திருடன் வருவான், குரங்கு வரும்" என்றார் மாமா. வரும்தான். ஆனால் திருத்தணி வழியாகத் திருப்பதி போகும் ரயிலிலும் ஜன்னலுக்குக் கம்பி உண்டு. பெட்டியில் சில ஜன்னல்கள் மட்டும் ஆபத்தில் திறக்கிற மாதிரி தனியாக இருக்கும். அதுபோலக் கம்பிக் கதவுக்குக் கீலும், உள்பக்கம் தாழ்ப்பாளும் வைத்தால் போதும். பூட்டு மட்டும் கூடாது. புகையில் சாவி தேட முடியாது.

மூன்றடிக்கு மூன்றரை அடியில் ஜன்னல் வந்தது. ஏறுவதற்கு அடியில் ஒரு கல் திண்ணை. பேரன் கண்ணைக் கட்டிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்து வெளியே குதித்தான். அத்தை திண்ணையில் ஏறி நின்று, "ஜன்னல் வழியாக ஓடிப்போகிற வயசா எனக்கு?" என்றார்கள். ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டார்கள்.

ஜன்னலுக்கு அளவெடுக்கும்போது நாம் வெளியே நிற்கும் திருடனின் தோளை அளக்கிறோம். உள்ளே படுத்திருக்கும் முதியவளின் தோளையும் அளக்க வேண்டும். உங்கள் வீட்டில், வாசலுக்கு வெகு தூரத்தில் படுப்பவர் யார்? அவர் தலைமாட்டிலுள்ள கம்பி எந்தப் பக்கம் திறக்கிறது?