தூணோரத்துக் கல்

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

விமான நிலையத்தில் ஓய்வறை என்று ஒன்று இருப்பதை நான் அறிந்தது என் தந்தையின் விரற்கட்டைப் பார்த்துத்தான். 2024-ஆம் ஆண்டு மே மாதம் ஊருக்கு வந்தவர் இடக்கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தார். கேட்டதற்கு, "மீனம்பாக்கத்துல வேலைம்மா. ஏரோப்ளேன் ஏற வந்தவங்க உக்காந்து சாப்பிடுற எடம். பழசையெல்லாம் பேத்துட்டுப் புதுசா கல்லு போடுறோம்" என்றார். காயத்தைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

அப்பா கல் பதிக்கும் தொழிலாளி. செய்யாற்றைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்ப்பக்கத்தில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகாத வீடு குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். ஆனால் பதித்த தரையில் ஒரு கல் மயிரிழை தூக்கி நின்றாலும் வெறுங்காலால் நடந்தே சொல்லிவிடுவார். ரசமட்டம் அதற்குப் பிறகுதான் சாட்சிக்கு வரும்.

அந்த ஓய்வறை வேலை இரவு வேலை. புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டில்லாமல் யாரும் உள்ளே போக முடியாதாம். கரணை, மூலைமட்டம், கல்லறுக்கும் மெஷின் எல்லாவற்றையும் எண்ணி உள்ளே விட்டு, விடியற்காலையில் எண்ணி வெளியே விடுவார்களாம். "கல்லுல கை வைக்கறதுக்கு முன்னாடியே ஒரு மணி நேரம் போயிடும்" என்பார். வேலை முடிந்து கணக்குத் தீர்க்கும்போதுதான் வினை வந்தது. மூன்றாவது தூணோரத்தில் ஒரு கல்லின் விளிம்பு உடைந்திருக்கிறது என்று சொல்லி, கடைசி வாரக் கூலியில் 1,800 ரூபாயைக் குத்தகைக்காரர் பிடித்துக்கொண்டார். "நான் வெச்சப்போ முழுக்கல்லு. சாமான் எறக்கினவங்க ஒடச்சிருக்காங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்? அனுமதிச் சீட்டு முடிந்துபோனதால் திரும்பப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அந்த 1,800 ரூபாய் எனக்குத் தேர்வுக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தது. அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் தில்லியில் நடந்த ஓர் அறிவியல் முகாமுக்கு எனக்கு அழைப்பு வந்தது. விமானக் கட்டணத்தை அழைத்தவர்களே ஏற்றார்கள். எங்கள் துறைப் பேராசிரியை உடன் வந்தார். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறும் முதல் ஆள் நான். திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அங்கே உள்நாட்டு முனையம் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பன்னாட்டு முனையத்துக்கு அண்ணாவின் பெயர். பட்டிக்காட்டுப் பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த நான் காமராசர் பெயரிட்ட வாசல் வழியாகத்தானே போக வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். பேராசிரியையிடம் சொன்னேன், சிரித்தார்.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் அந்த ஓய்வறையின் கதவு எதிரே தெரிந்தது. அப்பா சொன்ன அடையாளங்கள் அத்தனையும் பொருந்தின. உள்ளே போக என்னைப் போன்றவளுக்கு ஏது வழி என்று ஏங்கி நின்றபோது பேராசிரியை, "உன் வங்கிக் கார்டைக் காட்டு" என்றார். உதவித்தொகை வரும் கணக்குக்கு வங்கியில் கொடுத்த ரூபே பிளாட்டினம் கார்டு அது. ஆண்டுதோறும் அதற்கென்று பணம் பிடிக்கிறார்களே என்று வங்கிக்குப் போய்ச் சண்டை போட்டவள் நான்! அந்தக் கார்டுக்குத்தான் கதவு திறந்தது. இயந்திரத்தில் தேய்த்தார்கள், என் கணக்கில் குறைந்தது 2 ரூபாய். பேராசிரியைக்கும் அப்படியே. "இருபது வருஷமா வேலை பார்க்கிறேன். நானும் இன்றைக்குத்தான் உள்ளே வருகிறேன்" என்று அவர் காதோடு சொன்னார்.

இவ்வகை ஓய்வறைகளுக்கு முன்னோடி நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் 1939-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தொடங்கிய 'அட்மிரல்ஸ் கிளப்' என்பர். விமான நிறுவனம் பார்த்து அழைத்த பெரிய மனிதர்களுக்கான இடமாக அது இருந்தது. இன்று நம் நாட்டில் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இடமுண்டு. நிபந்தனைகள் வங்கிக்கு வங்கி மாறும்.

உள்ளே நுழைந்ததும் என்னைத் தாக்கியது அமைதி. வெளியே அறிவிப்பும் குழந்தைகளின் அழுகையும் பெட்டிச் சக்கரங்களின் கடகடப்பும். உள்ளே அத்தனையும் அடங்கிவிட்டன. ஒலியியல் பாடத்தில் படித்த சபைன் நினைவுக்கு வந்தார். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியால் பாழ்பட்ட விரிவுரைக் கூடமொன்றைச் சீர்செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. இரவு நேரங்களில் வேறோர் அரங்கின் இருக்கைப் பஞ்சணைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். பஞ்சணை கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. இங்கே இருக்கைகளுக்கடியில் கம்பளம், சுவரில் துணிப் பலகை, எங்கு பார்த்தாலும் மெத்தை. தேர்வுக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் ஓர் அறையாக என் முன் நின்றது.

இட்லி, வெண்பொங்கல், வடை, பழத்துண்டுகள், பொத்தானை அழுத்தினால் காபி. மடிக்கணினியை விட்டுத் தலைநிமிராத மனிதர்கள். கண்ணாடிக்கு அப்பால் விமானங்கள். எனக்கு எதிலும் மனம் செல்லவில்லை. கம்பளம் முடிந்து உணவு மேசைகளை நோக்கிச் செல்லும் நடைபாதையில்தான் சாம்பல் நிறக் கிரானைட் தொடங்குகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது தூணோரத்தில் ஒரு பெரிய பூந்தொட்டி இருந்தது. பேனாவைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டேன். தொட்டியைச் சற்றே நகர்த்தினேன். விளிம்பில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நெஞ்சு பதறியது. அப்பா சொன்னது பொய்யோ என்றுகூட ஒரு கணம்... அந்த ஒரு கணத்துக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் கருநிறக் கோடொன்று கண்ணில் பட்டது. பக்கத்தில் நிற்கும் காபி மேடையின் இரும்புக் காலிலிருந்து புறப்பட்டு, இரண்டு கற்களைக் கடந்து, அந்தச் சில்லில் வந்து முடிந்தது. கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரண இரும்பு அதைவிட மென்மையானது. கனத்த இரும்பைக் கல்மேல் இழுத்தால் கல் கீறாது, இரும்புதான் தேய்ந்து கோடாகப் படியும். மேடையை அங்கே தொப்பென்று இறக்கி, பிறகு இப்போதிருக்கும் இடத்துக்கு இழுத்திருக்கிறார்கள். கல் பதித்து முடித்த பிறகுதானே மேடை வரும்?

"என்னம்மா தொலைச்சிட்டீங்க?" தரை துடைக்கும் அக்கா ஒருவர் அருகில் நின்றார்.

"இது எங்கப்பா போட்ட கல்லுக்கா."

அவர் என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தொட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் போட்டோ எடுத்துக்கோ, சூப்பர்வைசர் வந்துடுவாரு" என்றார். எடுத்தேன். கற்களின் இணைப்பில் அப்பா செய்வதைப் போலவே நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.

காபி ஆறிப்போயிருந்தது. பேராசிரியை என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த வடையை என் தட்டில் வைத்தார்.

முகாம் முடிந்து ஊர் திரும்பிய அன்று அப்பாவும் வீட்டில் இருந்தார். அம்மாவுக்கு வெண்பொங்கல் கதை. "ரெண்டு ரூபாய்க்கா?" என்று மூன்று முறை கேட்டார். அப்பா என் கைபேசியை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினார். கோட்டை விளக்கினேன், மோஸ் அளவையும் சொன்னேன். சில்லின் மேல் அவர் பார்வை வெகுநேரம் நிற்கவில்லை. படத்தைத் தள்ளித் தள்ளி அடுத்த கல்லுக்குப் போனார்.

"ஜாயிண்ட்டப் பாரு, நூலு புடிச்சாப்ல இருக்குது. ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டது."

சற்று நேரம் கழித்து, "இத என் போனுக்கு அனுப்பு" என்றார்.

"குத்தகைக்காரருக்குக் காட்டவாப்பா?"

"அந்தாளு நம்பர மாத்திக்கினு போயிட்டான். எனக்குத்தான்."