செஞ்சோற்றுக் கடனும் காக்கிச் சட்டையும்

கல்லூரியிலே பாரதம் படித்த நாளில், கர்ணன் செஞ்சோற்றுக் கடன் கழித்த கதை வந்தால் எங்களுட் பலர் கண் கலங்குவோம். விகர்ணனுக்காகக் கலங்கியவர் எவரையும் யாம் கண்டதில்லை. துரியோதனன் தம்பியருள் ஒருவனாயிருந்தும், சபை நடுவே திரௌபதிக்காக எழுந்து நியாயம் பேசியவன் அவன். அவனை அதட்டி அடக்கியவனோ யாம் போற்றிய அதே கர்ணன்!

பண்டாரவளைப் பக்கம் செல்லும்போதெல்லாம் விகர்ணனின் நினைவு எமக்கு வருவதற்குக் காரணம் உண்டு. அந்நகரை அடுத்த பிந்துனுவெவவில், அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களை, 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி காலையில் ஒரு பெருங் கும்பல் தாக்கியது. இருபத்தேழு பேர் மாண்டனர். முதல் நாள் மாலையே பதற்றம் மூண்டிருந்தமையால் காவலுக்கென அழைக்கப்பட்ட பொலிசார் ஏறத்தாழ அறுபது பேர், ஆயுதத்துடன் அங்கே நின்றனர். அவர்கள் கும்பலைத் தடுக்கவில்லை. மலையகத் தோட்டங்களிலே எதிர்ப்பு மூண்டது. தோட்டத் தொழிலாளி ஒருவன் முறையிடப் போகுமிடமும் ஒரு பொலிஸ் நிலையந்தானே!

நாற்பத்தொருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003 யூலையில் பொலிஸ் அதிகாரிகள் இருவர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில், 2005 மே மாதத்துக்குள் ஐவரையும் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுவிக்கப்பட்டவரைக் குற்றவாளி என்பது எம் நோக்கமன்று. எம் மனத்தை உறுத்துவது மற்றையோரின் மௌனம். அறுபது சோடிக் கண்களுக்கு முன்னே பட்டப் பகலில் நடந்த கொலைகளுக்கு, இறுதியிலே பொறுப்பாளி என ஒருவரும் இலர்.

அவ்வறுபதின்மருள் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். கட்டிலுக்குக் கட்டில் அருகே உறங்குபவன் சகா. நாளை கலகம் ஒன்றிலே தன் உயிரைக் காக்க வேண்டியவனும் அவனே. அவன் செய்ததையும் செய்யாது விட்டதையும் உள்ளபடி தகவற் புத்தகத்திலே எழுதினால் இடமாற்றம் வரலாம், உயர்வு தடைப்படலாம், பொலிஸ் குடியிருப்பிலே மனைவியுடன் பேசுவார் அற்றுப் போகலாம். எழுதாது விட்டாலோ கேட்பாரில்லை. குற்றவாளியைக் காக்கும் பொருட்டுத் தடயத்தை மறைப்பவனுக்கும் பொய்த் தகவல் கொடுப்பவனுக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவு தண்டனை கூறுகின்றது. வாய் மூடியிருப்பவன்மீது அப்பிரிவு எளிதிற் பாய்வதில்லை.

சாதாரணக் கொன்ஸ்டபிள்மீது எமக்கு இரக்கம் உண்டு. கட்டளையிடும் தகுதியிலிருந்து கட்டளையிடாதவர்மீது அத்துணை இரக்கம் இல்லை. செஞ்சோறு என்றாலும், அவர்கள் உண்ட சோறு சகாவின் சோறா? பதுளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டு வருபவனும், கொழுந்து பறிப்பவளும் கொடுத்த வரியிலே பொங்கிய சோறன்றோ அது!

ஆயினும், விகர்ணனொருவன் அன்று எழுந்து நின்றிருந்தால் அவனைத் தாங்க இங்கே என்ன இருந்தது? பொலிசாரின் இடமாற்றத்தையும் ஒழுக்காற்றையும் கவனிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழு 2001ஆம் ஆண்டின் பதினேழாவது திருத்தத்தாற் பிறந்தது. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இலேதான் நிறைவேறியது. பிந்துனுவெவ வழக்கின் கோப்பு மூடப்பட்டு அப்போது பத்தாண்டுகள் ஆகிவிட்டன.