பென்சில் ஊரில் பந்தல் கூட்டம்

கெஸ்விக் என்றதும் ஏதோ பிஸ்கட் கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா? அது ஓர் ஊர். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலையும் ஏரியுமாகக் கிடக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், ஏறக்குறைய 5,000 பேர் வசிக்கிற சின்ன ஊர். இரண்டு விஷயங்களுக்குப் பேர் போனது. ஒன்று, பென்சில். இன்னொன்று, 1875-லிருந்து கோடையில் நடக்கும் கிறிஸ்தவ மாநாடு. திருநெல்வேலிப் பக்கம் பாட்டிமார்கள் 'கெசிக்கு கன்வென்ஷன்' என்று பயபக்தியோடு சொல்வார்களே, அதே கெஸ்விக்தான்!

2024 ஜூலை கடைசியில் அங்கே ஒரு வாரம் இருக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 'பாக்கியம்' என்பது என் மனைவி உபயோகித்த வார்த்தை. கிழக்கு லண்டனில் மகள் வீட்டில் ஆறு மாச விஸாவில் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் போகிற தமிழ்ச் சபையின் வாலிபர் சங்கத்தார் வந்து அமுக்கிவிட்டார்கள். 11 பிள்ளைகள், 14 முதல் 19 வயசு வரை. கூட்டிப்போக ஒரு தம்பியும் அவர் மனைவியும். தங்க, ஊருக்கு வெளியே ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். சமையல் நம் பொறுப்பு. "ஆன்ட்டி வந்தா சாப்பாட்டுக் கவலையே இல்லை" என்றார் அந்தத் தம்பி. ஆன்ட்டி என்றது என் மனைவியை. நான் அரிசி மூட்டையோடு சேர்ந்த உருப்படி.

கெஸ்விக்குக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, 1972-ல் மூடிவிட்டார்கள். பென்ரித் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கணும். நாங்கள் வாடகை வேனில் போனோம். லண்டனிலிருந்து சுமார் 480 கிலோமீட்டர். வேனில் பாட்டு, சிரிப்பு, சிப்ஸ்... எல்லாம் இங்கிலீஷில். தமிழில் கேட்டால் புரிகிறது. பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது. அப்பா அம்மா நாசரேத், சாயர்புரம், யாழ்ப்பாணம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பாஸ்போர்ட்டில்கூட இல்லாத ஊர்கள்.

போய் இறங்கியதும் மழை. மறுநாளும் மழை. அதற்கு மறுநாள், ஒரு மாறுதலுக்காக, தூறல். பக்கத்திலேயே பாரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெய்ட் என்று ஒரு குக்கிராமம். இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை அங்கேதானாம். வருஷத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். பாளையங்கோட்டையில் நாலைந்து வருஷம் சேர்த்துப் பெய்வதை அங்கே ஒரே வருஷத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. குற்றாலச் சாரலை நினைத்துக்கொண்டு குடையில்லாமல் நடந்து பார்த்தேன். சாரல் சரிதான், குளிர்தான் வேறு ரகம். மூட்டுக்கு மூட்டு வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. மழையைச் சட்டை செய்யாதவை அந்த ஊர் ஆடுகள்தான். ஹெர்ட்விக் என்று ஒரு ஜாதி. பிறக்கும்போது கறுப்பு, வயசாக ஆக நரைத்துக்கொண்டே போகும். என் தலையோடு ஒப்பிட்டு பிள்ளைகள் என்னைக் கேலி செய்ய அந்த ஒரு வாரம் போதவில்லை.

மாநாட்டைப் பற்றிச் சொல்கிறேன். 1875-ல் கெஸ்விக் ஊர் ஆலயத்தின் குருவானவர் ஹார்ஃபோர்ட் பேட்டர்ஸ்பியும், அவர் நண்பர் ராபர்ட் வில்சனும் சேர்ந்து கூடாரம் அடித்து ஆரம்பித்தது. குருவானவர் இங்கிலாந்துச் சபை. வில்சன் குவேக்கர், அதாவது பாதிரியாரே வேண்டாம் என்கிற கட்சி! இரண்டு பேரும் ஒரே பந்தலில். 'கிறிஸ்துவில் யாவரும் ஒன்று' என்ற அர்த்தத்தில் ஒரு வாசகத்தை இன்றும் மேடையில் மாட்டி வைக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரே தெருவில் இரண்டு சபைக்காரர்கள் ஒருத்தர் கல்யாணத்துக்கு ஒருத்தர் போகாததை நினைத்துக்கொண்டேன். 2025-ல் மாநாட்டுக்கு 150 வருஷம் நிறைந்தது.

இப்போது மூன்று வாரம் நடக்கிறது; வாரத்துக்கு வாரம் கூட்டம் மாறும். நுழைவுக் கட்டணம் கிடையாது, எல்லாம் காணிக்கைதான். காலையில் வேதபாடம், மாலையில் பெரிய கூட்டம், வயசுவாரியாகப் பிள்ளைகளுக்குத் தனித் தனி இடம். நம் ஊர்க் கன்வென்ஷன் என்றால் மணலில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். குழல் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். பின்னால் வேர்க்கடலை வண்டி நிற்கும். இங்கே நாற்காலி, பெரிய திரை, வேர்க்கடலைக்குப் பதில் ஐஸ்க்ரீம். மழையில் ஐஸ்க்ரீம் சாப்பிடுகிற ஜனத்தை அங்கேதான் பார்த்தேன். இன்னொரு அதிசயம்: பிரசங்கியார் "கடைசியாக ஒன்று" என்றால் நிஜமாகவே அதுதான் கடைசி. நம்மூரில் அது இடைவேளை மாதிரி. அதற்குப் பிறகு அரை மணி ஓடும்.

முதல் இரண்டு நாள் எங்கள் பிள்ளைகள் கடைசி வரிசையில் மொபைலும் கையுமாக இருந்தார்கள். ஈர்த்தது பிரசங்கம் இல்லை, மத்தியானச் சாப்பாடு. முதல் நாளே என் மனைவி கடுகும் மிளகாய் வற்றலும் தாளிக்க, கட்டடத்தின் புகை அலாரம் ஊரைக் கூட்டிவிட்டது. பக்கத்துக் கூடாரங்களில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தீயணைக்க ஓடிவந்து, ரசம் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அலாரமே வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டரைக்கெல்லாம் தட்டோடு நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் "இது ரசம், இது அப்பளம்" என்று விளக்கம் கொடுக்கிற பெருமையைப் பார்க்கணுமே! வீட்டில் அதே ரசத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்கள்தான்.

ஒரு நாள் சாயந்திரம் மழை வலுத்ததால் பென்சில் மியூசியத்தில் ஒதுங்கினோம். 16-ம் நூற்றாண்டில் பாரோடேல் மலையில் கறுப்பாக ஒரு தாது கிடைத்ததாம். இடையர்கள் ஆட்டுக்கு அடையாளம் போட வைத்துக்கொண்டார்கள். அது சுத்தமான கிராஃபைட். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு உதவும் என்று தெரிந்ததும் விலை ஏறிப்போய், சுரங்கத்துக்குக் காவல் போட்டார்கள். காவல் போட்டதும் கடத்தலும் வந்துவிட்டது. ஏறக்குறைய 8 மீட்டர் நீளத்துக்கு ஒரு கலர் பென்சில் அங்கே தொங்குகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, இரண்டாம் உலகப் போரில் விமானப்படை வீரர்களுக்காக ரகசியமாகச் செய்த பென்சில். உள்ளே சுருட்டிய வரைபடமும் குட்டித் திசைகாட்டியும்! எதிரி நாட்டில் மாட்டிக்கொண்டால் உடைத்துப் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட, பழைய இடத்தை மாநாட்டுக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். ஆக, இப்போது பென்சில் செய்த இடத்தில்தான் பிரசங்கம்.

புதன்கிழமை ராத்திரிக் கூட்டத்தில்தான் விஷயம் வந்தது.

அன்றைக்கு மிஷனரி ஊழியம் பற்றிய கூட்டம். திரையில் ஒரு பழைய படம் காட்டினார்கள். வெள்ளைப் புடவையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, சுற்றிக் குழந்தைகள். என் மனைவி என் கையைப் பிடித்து அமுக்கினாள். "ஏங்க, இது நம்ம டோனாவூர்லா!"

ஏமி கார்மைக்கேல். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். இந்தக் கெஸ்விக் மாநாடு அனுப்பிய முதல் மிஷனரி. 1893-ல் ஜப்பானுக்குப் போய், கொஞ்ச நாள் இலங்கையில் இருந்து, ஊர் திரும்பி, 1895-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, 1901-லிருந்து டோனாவூரில் குழந்தைகளை வளர்க்க ஆரம்பித்தார். கோவிலுக்குப் பொட்டுக் கட்ட இருந்த பெண் குழந்தைகள்தான் முதலில். 1951-ல் அங்கேயே கண்ணை மூடினார். இந்தியாவுக்கு வந்தபின் 55 வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து 'அம்மாய்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

பேச்சு முடிந்ததும், ஊழியத்துக்குத் தன்னைக் கொடுக்க விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். அங்கங்கே சிலர் எழுந்தார்கள். எங்கள் வரிசையிலும் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணாடி போட்ட பெண், பதினெட்டு வயசு. மெடிக்கல் காலேஜில் இடம் கிட்டத்தட்ட உறுதி, ஆகஸ்டில் மார்க் வருவதுதான் பாக்கி. ஒரு வருஷம் படிப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு, நம் ஊரில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் போய் வேலை செய்யப் போகிறாளாம்.

யார் தந்தி கொடுத்தார்களோ, காலை ஆறரைக்கு அவள் அப்பா எனக்குப் போன் செய்துவிட்டார்.

"அண்ணாச்சி, நான் பிள்ளைய ஜெபிக்கத்தான அனுப்புனேன்? எந்திரிச்சு நிக்கவா அனுப்புனேன்? மத்த பிள்ளைங்கல்லாம் உக்காந்துதான இருந்துச்சு?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"நாசரேத்துலேருந்து இங்க வந்து சேர நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? ராத்திரி பூரா பெட்ரோல் பங்க்ல நின்னுருக்கேன் அண்ணாச்சி. எதுக்கு? இவ படிக்கணும்னுதான. இவ என்னடான்னா திரும்ப அங்கயே போறேங்கா! நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க சொல்லக் கேப்பா."

நியாயம்தானே? எனக்கு அந்த மனுஷன் மேல் கோபமே வரவில்லை.

மத்தியானம் மழை விட்டது. டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் ஃப்ரையர்ஸ் க்ராக் என்று ஒரு பாறை முனை இருக்கிறது, அங்கே நடந்துபோனோம். எதிரே கேட்பெல்ஸ் மலை அப்போதுதான் மேகத்திலிருந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். எல்லாம் தெரியும் என்றாள். பிறகு தன் உடைந்த தமிழில் கேட்டாள்:

"தாத்தா, அப்பா எல்லா வாரமும் சர்ச்சுல மிஷனரிக்கு ஆள் வேணும்னு ஜெபிக்கிறாங்க. வேற வீட்டுப் பிள்ளைக்கா ஜெபிச்சாங்க?"

இதற்கு எங்கள் பாளையங்கோட்டை ஐயரிடமே பதில் இருக்காது. நான் வேறு பக்கமாகப் போனேன். "இந்தா பாரு, நீ வந்து காப்பாத்தணும்னு அங்க யாரும் காத்துக்கிட்டு இல்லை. அந்த அம்மா போன காலம் வேற. பொட்டுக் கட்டுறதை 1947-லயே மதராஸ்ல சட்டம் போட்டு நிறுத்தியாச்சு. அதுக்குப் பாடுபட்ட முத்துலட்சுமி ரெட்டி நம்ம ஊர் டாக்டரம்மாதான். இந்த அம்மா நம்ம ஜனங்களைப் பத்தி எழுதின சிலதைப் படிச்சா உனக்கே கஷ்டமா இருக்கும். இப்ப அங்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. நீ போனா கத்துக்கத்தான் போகணும். முதல்ல தமிழ் எழுதக் கத்துக்கணும்."

"அதுக்குத்தானே ஒரு வருஷம்?" என்றாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். கூட்டத்தில் சொல்லாத ஒரு கதை எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். மாநாட்டை ஆரம்பித்த ராபர்ட் வில்சனுக்கு மனைவியும் போய், ஒரே மகளும் போய்விட்டாள். அந்த இடத்தில்தான் ஏமியை மகளாக வீட்டில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் தன் பெயரோடு வில்சன் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டது. வருஷா வருஷம் மேடை போட்டு ஊரார் பிள்ளைகளை அழைத்த மனுஷனுக்கு, 1892-ல் தன் வீட்டுப் பிள்ளையே போகிறேன் என்றதும் நெஞ்சு ஆடிப்போய்விட்டது. வயசான காலம் வேறு.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"விட்டாரா?"

"விட்டார்."

"பிள்ளை திரும்பி வந்துச்சா?"

"ஒரு தடவை வந்துச்சு. இவருக்கு உடம்புக்கு முடியலைன்னு கேட்டு 1894-ல ஓடி வந்துச்சு. மறு வருஷம் இந்தியாவுக்குக் கிளம்புச்சு. அப்புறம் வரலை."

"இதைச் சொல்லித்தான் எனக்கு ஆறுதல் சொல்லுதீயளாக்கும்!" என்று போனை வைத்துவிட்டார்.

என் மனைவி அன்று என்னோடு பேசவில்லை. பொய்யா சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்தோம். மிஞ்சின மிளகாய்ப் பொடியைப் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள்; என்ன கதி ஆனார்களோ. வழியெல்லாம் புளிசாதம். பாதி வழி வரை பாட்டு, மீதி வழி தூக்கம். லண்டன் போய்ச் சேர இருட்டிவிட்டது.

சபை வாசலில் அப்பாக்கள் காத்திருந்தார்கள். அவரும் நின்றிருந்தார். மகள் இறங்கி வந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தாள்.

என் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று நான் அரிசி குக்கரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல மார்க் வரட்டும். காலேஜ்ல ஒரு வருஷம் எடத்தைப் பிடிச்சு வச்சுக் குடுப்பாங்களான்னு எழுதிக் கேக்கணும். குடுக்கலன்னா பேச்சே கெடையாது" என்றார். ஸ்டியரிங் பக்கம் போனவர், கதவில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணாச்சி, எங்க ஊர்லேருந்து டோனாவூருக்கு இப்பம் நேர் பஸ் இருக்கா?"