மகாலிங்கமும் முழங்காலும்

ஆலங்குளம் என்றதும், “தென்காசிப் பக்கமா சார்?” என்று கேட்பார்கள். அது வேறு ஆலங்குளம். எங்களுடையது விருதுநகர் மாவட்டம். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். ஒரு பக்கம் சிவகாசி, ஒரு பக்கம் ராஜபாளையம். கரிசல் காடும் கந்தக வாசனையும் போதும் போதும் என்றாகிவிட்டால், நாங்கள் மூட்டை கட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான்... சதுரகிரி!

மதுரைக்காரர்களுக்கும் இது ‘ஒரு நாள்’ மலைதான். விடிகாலை பஸ் பிடித்தால் கிருஷ்ணன்கோவில், அங்கிருந்து வத்திராயிருப்பு வழியாக அடிவாரமான தாணிப்பாறை. அதற்குமேல் பஸ்ஸும் கிடையாது, படியும் பெரிதாகக் கிடையாது. பாறை, வேர், ஓடை, மறுபடியும் பாறை. தூரத்தைக் கேட்டால் ஒருத்தர் எட்டு கிலோமீட்டர் என்பார், இன்னொருத்தர் பத்து என்பார். முழங்காலைக் கேட்டால் பதினைந்து என்று சொல்லும்.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த நேரம். பிரதோஷத்தன்று மூன்று பேர் கிளம்பினோம். நான், சிமெண்ட் ஆலையில் ரிட்டயரான சித்தப்பா (வயது 68), பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அண்ணன். “இந்த வயசுல மலையேறணுமா?” என்று சித்தி கேட்டதற்கு, சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டியதுதான் பதில்.

தாணிப்பாறையில் வனத்துறை சோதனை. பிளாஸ்டிக் கூடாது, தீப்பெட்டி கூடாது. எதிர்வீட்டு அண்ணன் முணுமுணுக்காமல் இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பின்னால் நின்ற ஒருத்தர், “ஒரு குச்சியில என்னங்க ஆயிரப் போகுது?” என்று மல்லுக்கு நிற்க, அண்ணன் திரும்பி, “எங்க ஆலை வாசல்லயும் இதேதான் தம்பி. ஒரு குச்சி போதும்” என்றார். அதற்குமேல் அங்கே பேச்சில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்துவிடவில்லை.

வழியில் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு என்று ஒவ்வொரு பெயரும் ஒரு ஸ்டாப்பிங். சித்தப்பா எல்லா ஸ்டாப்பிங்கிலும் இறங்கினார்! “சாமி கும்பிடுறேன்டா” என்பார். கும்பிடும் நேரம் ஐந்து நிமிஷம், மூச்சு வாங்கும் நேரம் பத்து நிமிஷம்.

இந்தக் காடு 1988-ல் நரை அணில் சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. புலியை நாங்கள் பார்க்கவில்லை. (புலி எங்களைப் பார்த்திருந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.) நரை அணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவியதைப் பார்த்தோம். நம் வீட்டு அணிலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வாலோடு சேர்த்தால் பூனை நீளம் தேறும்.

மேலே சுந்தர மகாலிங்கம் சற்றே சாய்ந்த லிங்கமாக இருக்கிறார். பச்சைமால் என்ற இடையன் கம்பால் அடித்ததால் சாய்ந்தார் என்பது தல கதை. கொஞ்சம் தள்ளி, மேட்டில் சந்தன மகாலிங்கம். பதினெண் சித்தர்களும் இங்கே உலவுவதாக நம்பிக்கை. சித்தர் எவரும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் அந்தக் குளிர்காற்றில் உட்கார்ந்தபோது, அவர்கள் ஏன் கீழே இறங்கவில்லை என்பது புரிந்தது.

நமக்கு இறங்கித்தானே ஆகவேண்டும்? இரவில் தங்க அனுமதி இல்லை. மதியம் சாய்ந்ததும் கிளம்பினோம். எங்களுக்குப் பளீரென்று வெயில். முதுகுக்குப் பின்னால், உச்சியில் மட்டும் ஒரே கறுப்பு.

அடிவாரம் நெருங்கும்போது ஒரு ஓடை. காலையில் கணுக்கால் அளவு, கண்ணாடி மாதிரி தண்ணீர். எங்களுக்கு முன்னால் மதுரைத் தம்பி ஒருவர், தோளில் நாலு வயசுப் பெண் குழந்தையோடு ஓடையில் கால் வைக்கப் போனார்.

“ஏப்பா, நில்லு!” சித்தப்பா போட்ட சத்தத்தில் குழந்தை அழவே ஆரம்பித்துவிட்டது.

“முட்டளவுகூட இல்லையே பெரியவரே. இருட்டிடுச்சுன்னா புள்ளையோட கஷ்டம்.”

“தண்ணி நிறத்தைப் பாரு. டீ மாதிரி வருது, சருகு வருது. மேல மழை இறங்கிட்டுன்னு அர்த்தம். 2015 வைகாசி அமாவாசையில இதே மலையில வெள்ளம் வந்து எத்தனை உசிரு போச்சு தெரியுமா? ரெண்டு மணி நேரம் லேட்டானா ஒண்ணும் குடி முழுகாது. வா, வந்து உக்காரு.”

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் காலைப் பின்னுக்கு இழுத்தார். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. லாரி வருவது போல ஒரு சத்தம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு முழு மரக்கிளை சுழன்றுகொண்டே போனது. அந்தத் தம்பி குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். யாரும் பேசவில்லை.

இருட்டும் வேளையில் வேகம் தணிந்தது. வனத்துறை ஊழியர்கள் அக்கரையிலிருந்து கயிறு கட்டி, பெண்களையும் குழந்தைகளையும் முதலில் கடத்தினார்கள். அழுத குழந்தை அதற்குள் சித்தப்பா மடியில் தூங்கிப் போயிருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், மலையேறும் நாளையும் நேரத்தையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மழை, தீ நிலவரம் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் சீக்கிரம் ஏறிவிடுவது உத்தமம். அடிவாரத்தில் ஒரு கம்பு வாங்கிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

எங்கள் கடைசி பஸ் எப்போதோ போய்விட்டது. மதுரைத் தம்பிதான் தன் வேனில் கிருஷ்ணன்கோவில் வரை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் ஓட்டினார். கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு, “உங்களுக்கு என்ன செய்யணும் பெரியவரே, சொல்லுங்க” என்றார்.

சித்தப்பா சீட்டைப் பிடித்தபடி மெதுவாக ஒரு காலை இறக்கினார்.

“மதுரையில மூட்டுவலிக்கு நல்ல டாக்டர் யாராச்சும் இருந்தா சொல்லுப்பா.”